இரும்புச் சட்டைக்கு எதிரே கோடாலி

1314 ஜூன் 23, ஸ்காட்லாந்து. பேனக்பர்ன் பெரும்போருக்கு முந்தைய நாள் அது. அரசர் ராபர்ட் புரூஸ் சிறிய குதிரை ஒன்றில் அமர்ந்து தன் படையை அணிவகுத்துக்கொண்டிருந்தார். கையில் ஈட்டி இல்லை, கோடாலி மட்டும்தான். தலைக்கவசத்தின் மேல் இருந்த கிரீடத்தை வைத்து அவர் யாரென்று கண்டுகொண்டான் ஆங்கிலப் படையில் இருந்த ஹென்றி டி போஹன் என்ற வீரன். முழுக் கவசத்தோடு, பெரிய போர்க்குதிரையில், ஈட்டியை நீட்டிக்கொண்டு நேராகப் பாய்ந்து வந்தான். ஈட்டி நெஞ்சுக்கு வரும் கடைசி நொடியில் புரூஸ் குதிரையைச் சட்டென்று விலக்கினார். அங்கவடியில் எழுந்து நின்று, பக்கத்தில் கடந்து போனவனின் தலையில் ஒரே அடி. தலைக்கவசம் பிளந்தது, மண்டையும் பிளந்தது, கோடாலியின் காம்பு இரண்டாக முறிந்தது. அரசர் இப்படி உயிரைப் பணயம் வைக்கலாமா என்று தளபதிகள் கடிந்துகொண்டார்களாம். அவரோ, நல்ல கோடாலி உடைந்து போயிற்றே என்று மட்டும் வருந்தினாராம். சுமார் அறுபது ஆண்டுகள் கழித்து ஜான் பார்பர் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் எழுதி வைத்த நிகழ்ச்சி இது.

கவசம் அணிந்தவனைக் கோடாலி விறகைப் போலப் பிளந்துவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகள்தான் அதற்குக் காரணம். ஆனால் இந்தக் கதையையே கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். எதிரி முழு வேகத்தில் வருகிறான், அடிப்பவர் அங்கவடியில் எழுந்து உயரத்திலிருந்து இறக்குகிறார், அடி சரியாக உச்சந்தலையில் விழுகிறது. இத்தனையும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் தலைக்கவசம் வழிவிட்டது. அப்போதும் கோடாலி முழுதாகத் திரும்பி வரவில்லை. கதையில் என்னை அதிகம் நம்ப வைப்பது அந்த முறிந்த காம்புதான். அடுத்த இருநூறு ஆண்டுகளில் போர்க்கோடாலி அடைந்த மாற்றங்கள் பலவற்றுக்கும் அந்த முறிவிலேயே காரணம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோடாலித் தலையின் எடை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வீசினால் அது நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது என்று கொள்வோம். மோதும் ஆற்றல் 72 ஜூல். எடையை இரண்டு மடங்காக்கினால் ஆற்றலும் இரண்டு மடங்கு. வேகத்தை இரண்டு மடங்காக்கினாலோ நான்கு மடங்கு. அதனால்தான் போர்க்கோடாலி செய்த கொல்லர்கள் தலையைக் கனமாக்குவதை விட காம்பை நீளமாக்குவதில் அதிக ஆர்வம் காட்டினார்கள். காம்பு நீண்டால் ஒரே தோள் அசைவில் தலை அதிக தூரம் சுழல்கிறது, வேகம் கூடுகிறது. கனத்த தலையோ, அடி தவறினால் வீசியவனையே இழுத்துச் சாய்த்துவிடும். அவன் மீண்டும் ஓங்குவதற்குள் எதிரி உள்ளே புகுந்துவிடுவான்.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருப்பது இங்கே வசதியாக இருக்கிறது. மரம் வெட்டக் கோடாலி, போருக்கு மழு. ஐரோப்பாவிலும் இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள்தான். விறகுக் கோடாலியின் தலை ஆப்பு போலத் தடித்திருக்கும். மரத்தைப் பிளந்து விலக்கித் தள்ள அந்தத் தடிமன் வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் வைக்கிங்குகளும் ஆங்கிலேயர்களும் ஏந்திய 'டேனிஷ் கோடாலி'யைக் கையில் எடுத்தால் வியப்பாக இருக்கும். வாய் மிக அகலம், ஒரு சாண் அல்லது அதற்கும் மேல். ஆனால் தகடு அவ்வளவு மெல்லியது. பெரும்பகுதி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். வெட்டு விளிம்பில் மட்டும் கடினமான எஃகைப் பற்றவைத்துக் கொஞ்சம் தடிப்பாக்கியிருப்பார்கள். தலையின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். சதைக்கும் எலும்புக்கும் அது போதும். எலும்பு மரத்தைப் போல விலகிக்கொடுக்க வேண்டிய பொருள் அல்லவே.

1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஹெரால்டு மன்னரின் மெய்க்காவலர்கள் ஏந்தி நின்றது இந்தக் கோடாலியைத்தான். அந்தப் போரைப் பூத்தையலில் சொல்லும் பேயூ திரைச்சீலையில் அவர்களைக் காணலாம். ஒரு காட்சியில் நெடுங்காம்புக் கோடாலி குதிரையின் தலையிலேயே இறங்குகிறது. இந்த ஆயுதத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டு கையும் காம்பைப் பிடித்துக்கொண்டால் கேடயம் ஏந்தக் கை இல்லை. அடுத்து நிற்பவனின் கேடயத்தையும் தன் உடலில் இருக்கும் இரும்பு வளையங்களையும் நம்பித்தான் அவன் நிற்கிறான். ஹேஸ்டிங்ஸ் தோல்விக்குப் பின் நாட்டை விட்டுப் போன ஆங்கிலேயர் பலர் கான்ஸ்டான்டிநோபிள் சென்று பைசாந்தியப் பேரரசரின் வராங்கியன் காவற்படையில் சேர்ந்தார்கள். கோடாலி ஏந்தும் அந்நியர்கள் என்பதே அங்கே அந்தப் படைக்கு அடையாளமாக இருந்தது.

கோடாலி முறிந்த அரசர் புரூஸ் மட்டும் அல்ல. 1141 பிப்ரவரியில் லிங்கன் நகருக்கு வெளியே நடந்த போரில் இங்கிலாந்து அரசர் ஸ்டீபனைப் படைகள் கைவிட்டுவிட்டன. அவர் வாளும் டேனிஷ் கோடாலியுமாக மாறி மாறிப் போரிட்டு, இரண்டும் உடைந்த பிறகுதான் பிடிபட்டார். எதிரிகளை நெருங்கவிடாமல் அவரைக் காத்த ஆயுதம் கடைசியில் கையில் வெறும் கட்டையாகிவிட்டது.

அந்தக் காலத்துக் கவசம் சங்கிலிக் கவசம். சின்னச் சின்ன இரும்பு வளையங்கள். ஒவ்வொன்றும் நான்கு வளையங்களோடு கோத்து, வாயில் ஆணி அறைந்து மூடப்பட்டிருக்கும். முழங்கால் வரை தொங்கும் ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும், எடை பத்துப் பதினைந்து கிலோ வரும். உள்ளே பஞ்சும் துணியும் அடுக்கித் தைத்த தடித்த சட்டை. வாளின் வெட்டும் கோடாலியின் வெட்டும் வளையங்களை அறுத்துக்கொண்டு உள்ளே போவது அரிது. வெட்டு விளிம்பு ஒரே நேரத்தில் பல வளையங்கள் மேல் விழுகிறது, ஆற்றல் அத்தனை வளையங்களுக்கும் பகிர்ந்து போய்விடுகிறது. ஆனால் சங்கிலிக் கவசம் துணியைப் போல மடங்குவது. வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. கழுத்துப்பட்டை எலும்பின் மேல் கோடாலி இறங்கினால் வளையம் அறுபடாமலே எலும்பு முறியும். முறிந்த பிறகு கை தூக்க முடியாது. கை தூக்க முடியாதவனைக் கொல்வது எளிது.

ஆக, கவசத்தைத் துளைக்காமலே கவசம் போட்டவனை வீழ்த்தலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். கவசம் மேம்பட மேம்பட, கோடாலி வெட்டுவதைப் படிப்படியாகக் கைவிட்டு வேறு வேலைகளைக் கற்றுக்கொண்டது.

களத்தில் உண்மையில் எங்கே அடித்தார்கள்? பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்து தீவில், விஸ்பி நகர மதிலுக்கு வெளியே, 1361 ஜூலையில் டென்மார்க் அரசர் நான்காம் வால்டமாரின் படை உள்ளூர் விவசாயிகளைத் திரளாகக் கொன்று குவித்தது. கடும் கோடை. உடல்கள் வேகமாக அழுகியதால் கவசங்களைக் கழற்றாமலே பெருங்குழிகளில் போட்டு மூடிவிட்டார்கள் என்று கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. சங்கிலி வளையத் தலையுறை அப்படியே ஒட்டிய மண்டையோடுகளை இன்றும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எலும்புகளில் இருக்கும் வெட்டுக்காயங்களில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழே. கேடயத்துக்கும் சட்டைக்கும் கீழே எது மூடப்படாமல் இருந்ததோ அங்கே வாளும் கோடாலியும் பாய்ந்திருக்கின்றன. இரண்டு கால்களும் ஒரே வீச்சில் துண்டானதாகத் தோன்றும் எலும்புக்கூடு ஒன்றும் அதில் உண்டு. அடிப்பவன் எப்போதும் இரும்பு இல்லாத இடத்தைத்தான் தேடுகிறான்.

அதே நூற்றாண்டில்தான் இரும்பு இல்லாத இடங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. முதலில் முழங்காலுக்கும் முழங்கைக்கும் சிப்பி போன்ற மூடிகள். பிறகு துணிக்குள் தைத்த தகடுகள். 1400-க்குச் சற்று முன்பின்னாகத் தலை முதல் பாதம் வரை மூடும் தகட்டுக் கவசம் வந்துவிட்டது. மிலான் நகரின் பட்டறைகள் இதில் பேர்போனவை. மிசாலியா குடும்பத்தின் முத்திரை இருந்தால் ஐரோப்பா முழுவதும் மதிப்பு. பின்னாளில் இன்ஸ்ப்ரூக், ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க் பட்டறைகள் அவர்களோடு போட்டியிட்டன. முழுக் கவசம் 20 முதல் 25 கிலோ. உடம்பெங்கும் பகிர்ந்து தொங்குவதால் அணிந்தவன் ஓடலாம், விழுந்தால் எழலாம், தானாகவே குதிரை ஏறலாம். பாரந்தூக்கி வைத்துக் குதிரையில் ஏற்றினார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம்.

இந்தத் தகட்டின் வலிமை தடிமனில் மட்டும் இல்லை. மார்புத் தகடு நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர், கை கால் தகடுகள் ஒன்று ஒன்றரைதான் இருக்கும். வளைவில் இருக்கிறது சூட்சுமம். தேங்காயை அரிவாளால் வெட்டும்போது கை நழுவிப் பக்கவாட்டில் அடி விழுந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லாரும் பார்த்திருப்போம். அரிவாள் சறுக்கிக்கொண்டு போய்விடும், தேங்காய் உருண்டுவிடும். நல்ல தலைக்கவசத்தில் நேரான பரப்பு என்று ஒன்று கிடையாது. எங்கே அடித்தாலும் சாய்வாகத்தான் விழும், ஆற்றலில் பெரும்பகுதி வழுக்கலிலேயே போய்விடும். மார்புத் தகடும் புடைத்து நிற்கிறது. அதற்கும் நெஞ்சுக்கும் இடையே காற்றும் பஞ்சும் இருக்கின்றன. அதன் மேல் விழும் அடி உள்ளிருப்பவனைச் சற்றே தள்ளும், அவ்வளவுதான். போதாததற்கு, சிறந்த பட்டறைகள் எஃகைச் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினப்படுத்தவும் கற்றுக்கொண்டன. அப்படிப்பட்ட பரப்பின் மேல் டேனிஷ் கோடாலியின் மெல்லிய வாய் நேராக மோதினால் மடங்கிப்போவது கோடாலிதான்.

இங்கேதான் போலாக்ஸ் எனப்படும் நெடுங்கோடாலி வருகிறது. குதிரையை விட்டு இறங்கித் தரையில் நின்று போரிடும் பிரபுக்களுக்கு 15-ஆம் நூற்றாண்டில் மிகப் பிடித்தமான ஆயுதம் இது. மொத்த நீளம் ஓர் ஆளின் உயரம், சிலது இன்னும் கொஞ்சம் அதிகம். எடை இரண்டு முதல் மூன்று கிலோ. உச்சியில் நான்முகக் கூர் முள். ஒரு பக்கம் சிறிய கோடாலி வாய், அதற்கு எதிர்ப்பக்கம் சுத்தியல் அல்லது பறவையின் அலகு போல வளைந்த முள். சுத்தியலின் முகத்தில் பற்கள் வெட்டியிருப்பார்கள், வளைந்த தகட்டில் வழுக்காமல் கவ்வுவதற்காக. காம்பின் அடியிலும் ஒரு முள். கையைக் காக்கச் சில ஆயுதங்களில் வட்டத் தகடு ஒன்று காம்பில் கோத்திருக்கும்.

அப்புறம் அந்தக் காம்பு. தலையிலிருந்து கீழே இரண்டு அல்லது நான்கு பக்கமும் நீண்ட இரும்புப் பட்டைகள் இறங்கி ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். ஸ்டீபனுக்கும் புரூஸுக்கும் நேர்ந்தது இனி நேரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எதிரியின் வாளோ கோடாலியோ மரத்தைத் துண்டாக்க முடியாது. தலைக்கவசத்தில் முழு வலுவோடு அடித்தாலும் கழுத்துப் பகுதியில் முறியாது. லண்டன் வாலஸ் சேகரிப்பு போன்ற இடங்களில் இருக்கும் நெடுங்கோடாலிகளின் படங்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது இந்தப் பட்டைகளுக்குத்தான்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதை வெறுமனே 'ஆஷ்', அதாவது கோடாலி என்றே அழைத்தார்கள். கோடாலி வாயே இல்லாமல் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் அலகு என்று செய்யப்பட்டவற்றுக்கும் அதே பெயர்தான். வெட்டும் பகுதி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டு பர்கண்டி நாட்டில் நெடுங்கோடாலிப் பயிற்சிக்கென்றே எழுதப்பட்ட கையேடு ஒன்று பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஓங்கி வெட்டுவதைப் பற்றித்தான் அது நிறையப் பேசும் என்று எதிர்பார்த்துப் படிப்பவருக்கு ஏமாற்றம். காம்பின் அடிமுனைதான் அதில் கதாநாயகன். அடிமுனையை முன்னே நீட்டி நின்று எதிரியின் அடியைத் தட்டிவிடுவது, முகத்தில் குத்துவது, பாதத்தைக் குத்துவது, முழங்காலுக்குப் பின்னால் கோடாலித் தலையைக் கொக்கி போல மாட்டி இழுப்பது, கழுத்துக்குக் குறுக்கே காம்பை வைத்துத் தள்ளுவது. நம் ஊர் சிலம்பம் பார்த்தவர்களுக்கு இந்த வரிகள் அந்நியமாக இருக்காது. கம்பின் இரண்டு முனையும் மாறி மாறி வேலை செய்யும், நடுப்பகுதி தடுக்கும். இரும்பு மூடிய மனிதனோடு மோதும்போது இரண்டு பேருக்கும் நடுவே உள்ள அந்தக் கழி ஒரு நெம்புகோல். அவன் சமநிலை குலைந்து விழ வேண்டும், அதுதான் முதல் இலக்கு.

விழுந்தவனின் நிலை பரிதாபம். முகமூடியின் கண் இடுக்கு, அக்குள், முழங்கையின் உள்பக்கம், உள்ளங்கை, தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள கவட்டை, முழங்காலின் பின்புறம். மனிதன் அசைய வேண்டும் என்றால் இந்த இடங்களில் தகடு இருக்க முடியாது. உள்ளே சங்கிலி வளையம் இருக்கும், மெல்லிய கூர்முனைக்கு அது போதாது. ஒருவன் மேலே அமுக்கிப் பிடிக்க, இன்னொருவன் குத்துவாளால் அந்த இடுக்குகளைத் தேடுவான். 1415-ல் அஜின்கோர்ட் போரில் சேற்றில் விழுந்த பிரெஞ்சு வீரர்களை ஆங்கில வில்லாளிகள் கோடாலியும் மரச் சம்மட்டியும் கொண்டு முடித்தது இப்படித்தான். அதே போரில் ஐந்தாம் ஹென்றியின் தம்பி ஹம்ஃப்ரி கவட்டையில் குத்துப்பட்டு விழுந்தார். அண்ணன் அவருக்கு மேல் காலை அகட்டி நின்று போரிட்டுக் காப்பாற்றினார் என்கிறார்கள் அக்காலத்தவர்.

கண் இடுக்கு எவ்வளவு முக்கியமான இலக்கு என்பதற்கு ஒரு சான்றை மறக்கவே முடியவில்லை. 1410 வாக்கில் இத்தாலிய ஆசான் ஃபியோரே தேய் லிபேரி தன் போர்க்கலைச் சுவடியில் விந்தையான கோடாலி ஒன்றை வரைந்திருக்கிறார். அதன் தலை உள்ளே குழாய், சுற்றிலும் துளைகள். உள்ளே அரிக்கும் பொடி நிரப்ப வேண்டும். வீசும்போது பொடி பறந்து எதிரியின் முகமூடிக்குள் போகும், கண் திறக்க முடியாது. பொடிக்கான செய்முறையும் தந்திருக்கிறார். முதன்மைப் பொருள் கள்ளி இனச் செடி ஒன்றின் பாலை வெயிலிலோ அடுப்பிலோ உலர்த்திய தூள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை நம் கிராமங்களில் குழந்தைக்கும் சொல்லி வளர்ப்பார்கள். தகட்டைத் தாண்ட முடியாத கோடாலி, மூச்சும் பார்வையும் போகும் வழியாக உள்ளே நுழையப் பார்க்கிறது. தீயவனுக்கு எதிராக மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று எச்சரிக்கவும் அவர் தவறவில்லை.

ஏட்டில் இருப்பது களத்தில் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சண்டையைச் சொல்கிறேன். 1440-களின் இறுதி, பிரூஜ் நகரம். பர்கண்டி கோமகன் பிலிப்பின் முன்னிலையில் புகழ்பெற்ற வீரர் ஜாக் தெ லலேனும் தாமஸ் என்ற ஆங்கிலேயரும் முழுக் கவசத்தில் நெடுங்கோடாலியால் மோதினார்கள். ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார்கள். எந்த அடியும் கவசத்தைப் பிளக்கவில்லை. திடீரென்று தாமஸின் கோடாலி முள் லலேனின் இடது மணிக்கட்டில், கையுறைத் தகட்டின் திறப்புக்குள் புகுந்தது. நரம்பும் சதையும் கிழிந்து ரத்தம் கொட்டியது. அந்தக் கையால் இனி பிடிக்க முடியாது. லலேன் கோடாலியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் தாங்கினார். அப்படியே எதிரியின் மேல் பாய்ந்து அணைத்துப் பிடித்து இழுத்து, முகம் மண்ணில் பதியத் தள்ளிவிட்டார். சண்டை முடிந்தது. கனத்த அடிகள் அத்தனையும் வீண். ஒரு குத்து மணிக்கட்டு இடுக்கில் போனது, ஒரு தள்ளு ஆளை வீழ்த்தியது. இந்த லலேன் 1453-ல் ஒரு முற்றுகையில் பீரங்கிக் குண்டுபட்டு இறந்தார். அவர் அணிந்த எந்தக் கவசமும் அதற்கு விடை சொல்லியிருக்காது.

பிரபுக்களின் கையில் நெடுங்கோடாலி இருந்தது போல, சுவிட்சர்லாந்து மலைக் குடியானவர்களின் கையில் ஹால்பர்டு இருந்தது. பெரிய கோடாலி வாய், உச்சியில் ஈட்டி, பின்னால் கொக்கி, ஆள் உயரத்தைத் தாண்டிய காம்பு. 1315-ல் மோர்கார்டன் மலைப்பாதையில் ஆஸ்திரியக் குதிரைப் படையை மடக்கி அழித்தார்கள். சவரக்கத்தியால் வெட்டியது போல அந்த ஆயுதம் கவசக்காரர்களைத் துண்டாக்கியது என்று எழுதினார் வின்டர்தூரைச் சேர்ந்த துறவி ஒருவர். அந்தக் காலத்துக் கவசம் பெரும்பாலும் சங்கிலி வளையம்தான் என்பதையும், நீண்ட காம்பு தரும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்த வருணனை கொஞ்சம் மிகைதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அச்சம் மெய்யானது. கொக்கியால் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டு, விழுந்தவன் மேல் கோடாலியை இறக்குவது பயங்கரமான முறை.

1477 ஜனவரி 5 அன்று நான்சி நகருக்கு வெளியே பர்கண்டிக் கோமகன் துணிச்சல்கார சார்லஸ் இப்படித்தான் முடிந்தார். இரண்டு நாள் கழித்து, உறைந்த நீர்நிலையின் ஓரத்தில், ஆடை உருவப்பட்டு, ஓநாய்கள் கடித்த நிலையில் உடல் கிடைத்தது. பழைய தழும்புகளையும் இல்லாத பற்களையும் வைத்துத்தான் அவருடைய மருத்துவர் அடையாளம் சொன்னார். ஹால்பர்டு அடி மண்டையைத் தாடை வரை பிளந்திருந்தது.

அரச எலும்புகளில் நமக்கு அதிகம் சொல்வது இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டு. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வர்த் களத்தில் இறந்தவர். 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்தத்தின் கீழே எலும்புக்கூடு கிடைத்தது. இறக்கும் தறுவாயில் ஏற்பட்ட பதினொரு காயங்களை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். அவற்றில் ஒன்பது தலையில். உயிரைப் பறித்திருக்கக் கூடியவற்றில் பெரியது பிடரிக்கு அருகே மண்டையின் அடிப்பாகத்தைச் சீவி எடுத்த வெட்டு. ஹால்பர்டு போன்ற கனத்த ஆயுதத்தின் வேலையாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. வெறும் உடம்போடு அடி வாங்குபவன் அனிச்சையாகக் கையைத் தூக்கித் தடுப்பான், கை எலும்பில் வெட்டு விழும். ரிச்சர்டின் கைகளில் அப்படி எதுவும் இல்லை. உடம்பில் கவசம் இருந்திருக்கிறது, தலைக்கவசம் மட்டும் போய்விட்டது. கழற்றினாரா, பிடுங்கினார்களா தெரியாது. ஆனால் அது போன பிறகுதான் வாளும் கோடாலியும் வேலை செய்ய முடிந்தது. தகடு கடைசி வரை தன் கடமையைச் செய்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1461 டௌட்டன் போரின் புதைகுழி 1996-ல் திறக்கப்பட்டபோதும் இதே கதைதான். முப்பத்தேழு பேருக்குக் குறையாத எலும்புகள், பெரும்பாலும் தலைக் காயங்கள், அவற்றில் சில சதுர வடிவத் துளைகள். கோடாலியின் பின்புற அலகோ உச்சி முள்ளோ இறங்கிய தடம் அது.

ஹால்பர்டு வெல்ல முடியாததும் அல்ல. 1422-ல் அர்பெடோ என்ற இடத்தில் மிலான் படையிடம் அடிவாங்கிய சுவிஸ்காரர்கள், தங்கள் வரிசைகளில் நெடிய ஈட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடிவு செய்தார்கள். கவசக்காரன் நெருங்கி வந்த பிறகு அவனோடு மல்லுக்கட்டுவதை விட, நெருங்கவே விடாமல் ஐந்து மீட்டர் தூரத்தில் நிறுத்துவது நல்லது என்று பட்டது. ஹால்பர்டு அணியின் நடுவே பின்வாங்கி, கொடியைக் காக்கும் ஆயுதமானது. குதிரை வீரர்களிடம் முழுக்க எஃகாலான குட்டைக் கோடாலிகள் இருந்தன, இடுப்பில் மாட்டக் கொக்கியோடு. காம்பும் எஃகுதான் என்பதால் முறியும் பேச்சே இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் அந்தக் காம்புக்குள்ளேயே கைத்துப்பாக்கியின் குழலை வைத்துச் செய்தவையும் உண்டு. துப்பாக்கி வந்த பிறகு கவசம் செய்பவனின் கவலை வேறு. குண்டைத் தாங்க வேண்டும், அதற்குத் தடிமன் வேண்டும். தடித்த கவசத்தை உடம்பு முழுவதும் சுமக்க யாராலும் முடியாது. எனவே கையும் காலும் மறுபடி திறந்தன.

அதற்கு முன்னால், கோடாலிக்கு எதிராகக் கவசக் கொல்லர்கள் தந்த முழுமையான பதில் ஒன்று இன்றும் இருக்கிறது. 1520-ல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் அரசர் முதலாம் பிரான்சிஸும் கலே நகருக்கு அருகே பொற்பட்டுக் களம் என்று பெயர்பெற்ற விழாவில் சந்திக்க ஏற்பாடானது. தரையில் நின்று போரிடும் போட்டிக்காக ஹென்றிக்குக் கிரீனிச் பட்டறையில் ஒரு கவசம் தயாரானது. எடை 40 கிலோவுக்கும் மேல். ஆனால் வியப்பு எடையில் இல்லை. முழங்கையின் உள்பக்கம், முழங்காலின் பின்புறம், அக்குள், பிட்டம், எங்குமே இடைவெளி கிடையாது. இறால் ஓட்டைப் போல ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியும் குறுகிய தகடுகளால் மூட்டுகள் அனைத்தையும் மூடிவிட்டார்கள். ஒரு தகட்டின் உதடு அடுத்த தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டே திரும்பும். லலேனின் மணிக்கட்டில் புகுந்த முள் நுழைய இதில் வழியே இல்லை. கோடாலியின் அலகும், கொக்கியும், முள்ளும் நூறாண்டுகளாகத் தேடிய இடங்கள் ஒவ்வொன்றும் தெரிந்த கை செய்த வேலை அது.

விழாவுக்குச் சில மாதங்களே இருக்கும்போது பிரெஞ்சுத் தரப்பு போட்டி விதிகளை மாற்றியது. இடுப்பிலிருந்து பாவாடை போல விரியும் வேறு வகைக் கவசம் வேண்டும் என்றார்கள். கிரீனிச் கொல்லர்கள் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கையில் கிடைத்த பழைய பாகங்களைச் சேர்த்து அவசரமாகப் புதியது ஒன்றைத் தயாரித்தார்கள். கைவிடப்பட்ட கவசத்துக்கு மெருகும் ஏற்றவில்லை, பூவேலையும் செய்யவில்லை. எந்தக் கோடாலியும் அதன் மேல் விழவில்லை. பட்டறையிலிருந்து வந்த அதே கரடுமுரடான மேற்பரப்போடு அது இன்றும் இங்கிலாந்தின் அரச படைக்கலச் சேகரிப்பில் நிற்கிறது.